பூக்காத மாதங்களில் சாமந்தி

திருச்சியில் மாசி மாதம் நடந்த வீட்டுத் தோட்டக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை



சாமந்தியைப் பற்றிப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர். எல்லப்ப நாவலர் பாடிய தலபுராணம் செவ்வந்திப் புராணம். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு தடவை தோட்டக்காரன் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்கலாம். சாரமா முனிவர் நாகலோகத்திலிருந்து செவ்வந்திக் கன்று கொண்டுவந்து உறையூரில் நந்தவனம் போட்டார். தினமும் பூப் பறித்துச் சுவாமிக்குச் சாத்தினார். பூ விற்கிறவன் ஒருவன் அதைத் திருடி அரண்மனையில் கொண்டுபோய்க் கொடுத்தான். அரசிக்குப் பூ பிடித்துவிட்டது, அரசன் கண்டுகொள்ளவில்லை. முனிவர் முறையிட்டும் நடவடிக்கை இல்லை. அவர் நேராக மேல்முறையீட்டுக்கு இறைவனிடமே போனார். கிழக்கு பார்த்திருந்த சுவாமி மேற்கே உறையூர்ப் பக்கம் திரும்பினார், மண்மாரி பெய்து ஊர் மூடிப்போனது. இன்றைக்கும் சந்நிதி மேற்கு பார்த்துத்தான் இருக்கிறது. கொடிமரம் சுவாமிக்குப் பின்பக்கம் நிற்கிறது.

பூத்திருட்டுக்கு ஒரு தலைநகரத்தையே மூடியது கொஞ்சம் அதிகப்படியான தண்டனைதான். ஆனால் விடியற்காலையில் கதவைத் திறந்து, முதல் நாள் பார்த்து வைத்த பூவை வாசல் தொட்டியில் காணாமல் நின்றவர்கள் இந்த அவையில் இருந்தால், முனிவரை அவர்கள் குறை சொல்லமாட்டார்கள்.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. செடி இந்த மண்ணுக்குரியது அல்ல, வேற்றுலகத்திலிருந்து வந்தது என்று புராணமே ஒப்புக்கொள்கிறது. தாவரவியலும் அதைத்தான் சொல்கிறது, நாகலோகத்துக்குப் பதிலாகச் சீனா என்கிறது. இன்று நாம் மாலை கட்டும் சாமந்தி, சீனத்தில் பல காட்டினங்கள் கலந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டத்தில் வளர்ந்து வந்த செடி. அந்தக் காட்டினங்களில் ஒன்று காசளவு மஞ்சள் பூ பூக்கும். நான்காம் நூற்றாண்டில் பிறந்த தாவ் யுவான்மிங் என்ற சீனக் கவிஞர், அரசு உத்தியோகத்தை உதறிவிட்டு வீட்டு வேலியோரம் சாமந்தி வளர்த்ததற்காகவும் அங்கே இன்றும் கொண்டாடப்படுகிறார். ஜப்பானில் அது பதினாறு இதழோடு அரச முத்திரை ஆயிற்று. ஐரோப்பாவுக்கு 1789-ல் மார்செய்ல்ஸ் வணிகர் பியர் பிளாங்கார் மூன்று வகை கொண்டுபோனார், அதில் ஒன்றுதான் பிழைத்தது. பிரஞ்சுப் புரட்சி நடந்த வருஷம் என்பதால் அப்போது அதை யார் கவனித்திருப்பார்களோ தெரியவில்லை.

குளிர்நாடுகளில் எல்லாப் பூவும் முடிந்தபின், இலையுதிர்காலக் கடைசியில் பூப்பது இந்தச் செடி. நமக்கும் அது கடைசிப் பூதான். மல்லிகை கோடையோடு ஓய்ந்துவிடும். சாமந்தி கார்த்திகை, மார்கழி, தை என்று வருஷத்தின் வால்பகுதியில் வந்து நிற்கும். இங்கே முக்கியமான விஷயம், அது ஒரு வருஷத்துச் செடி இல்லை, பல்லாண்டுச் செடி. இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். மார்கழியில் நர்சரியில் தொட்டி நிறையப் பூவோடு வாங்குகிறோம். பொங்கல் கழிந்து பூ காய்ந்ததும் செடி செத்துவிட்டது என்று எடுத்துக் குப்பையில் கொட்டுகிறோம். அடுத்த மார்கழியில் மறுபடி வாங்குகிறோம். நர்சரிக்காரருக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தொட்டியை ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். காய்ந்த தண்டின் அடியில், மண்ணை முட்டிக்கொண்டு பச்சையாகச் சின்னச் சின்னக் குருத்து நிற்கும். பக்கக்கன்று. அடுத்த வருஷத்துப் பூ அதுதான். நாம் கொட்டியது அதையும் சேர்த்துத்தான்.

என் கையில் இருக்கும் இந்தப் பூவைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் கூட்டம் முடிந்ததும் முன்னால் வாருங்கள். இது இந்தப் பருவத்தின் கடைசிப் பூக்களில் ஒன்று. சிவப்பு ஓரம் எதுவும் இல்லாத தனி மஞ்சள். இதில் இதழ் என்று எதைச் சொல்கிறோம்? இப்படி ஒன்றை இழுத்தெடுத்தால் அடியில் குழல்போல் குறுகி, அதன் வாயிலிருந்து இரண்டாகப் பிளந்த மெல்லிய நாக்கு ஒன்று எட்டிப் பார்க்கிறது. அது சூல்முடி. அடியில் வெள்ளையாகக் கடுகைவிடச் சின்னச் சூலகம். ஆக, இந்த ஓர் ‘இதழ்’ ஒரு முழுப் பெண் பூ. நடுவில் பொத்தானாக இருக்கிறதே, அதைக் கிள்ளினால் ஐந்து பல் கொண்ட குட்டிக் குழல்கள் உதிரும். அவை ஆணும் பெண்ணும் சேர்ந்த பூக்கள். நாம் ஒரு சாமந்தி என்று எண்ணி வைப்பது ஒரு கூட்டம். மாலைக்கு ஆகும் அடர்த்தியான ரகங்களில் நடுவிலுள்ள பொத்தான் மறைந்து, ஏறக்குறைய எல்லாமே நாக்குப் பூவாக மாறியிருக்கும். அதனால்தான் அந்த ரகங்களில் விதை அரிது, இருந்தாலும் அது தாய் மாதிரி வராது. கன்றும் நுனித் துண்டும்தான் வழி.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நிறத்தைத் தருவது கரோட்டினாய்டு நிறமிகள். வெள்ளைச் சாமந்தியில் அது இல்லை என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2006-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியது வேறு. வெள்ளைப் பூவும் அந்த மஞ்சளை உண்டாக்கத்தான் செய்கிறது, ஆனால் இதழிலுள்ள ஒரு நொதி அதை உடைத்து அழித்துவிடுகிறது. அந்த நொதி பழுதாகிப் போனால் வெள்ளைச் செடியின் ஒரு கிளை திடீரென்று மஞ்சளாகப் பூக்கும். உங்கள் வீட்டில் அப்படி நடந்தால் பக்கத்து வீட்டார் கண் பட்டது என்று நினைக்காமல், அந்தக் கிளையிலிருந்து நுனி வெட்டி வையுங்கள். புது ரகமே உங்கள் கையில் இருக்கலாம்.

இனி, பூக்காமல் போவது எதனால் என்று பார்ப்போம். செடி நன்றாக இருக்கிறது, இலை கரும்பச்சை, இடுப்பு உயரம், ஒரு மொட்டு இல்லை. உடனே நாம் உரம் வைக்கிறோம். பாவம், செடி கேட்டது உரம் இல்லை, இருட்டு.

முதலாம் உலகப் போர் முடியும் காலத்தில் அமெரிக்க வேளாண் துறையில் கார்னர், அல்லார்டு என்று இருவர் ஒரு புகையிலை ரகத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்கள். அது கோடை முழுக்க ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், ஆனால் பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். வெப்பம், ஈரம், உரம் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துத் தோற்று, கடைசியில் சாயங்காலமே செடியை இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். பூத்தது. பகல் நீளத்தைச் செடி அளக்கிறது என்று 1920-ல் எழுதினார்கள். அப்புறம் 1938-ல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தையை வைத்துச் சோதித்தபோது இன்னொன்று தெரிந்தது. நடு ராத்திரியில் சிறிது நேரம் விளக்குப் போட்டால் செடி ஏமாந்துவிடுகிறது. ஆக, அது அளப்பது பகலை அல்ல, இடையில் அறுபடாத இரவை. சாமந்தியும் அதே சாதி.

நம் செடிக்கு இதில் நேரடியான பங்கு உண்டு. சோவியத் ஒன்றியத்தில் மிகயில் சைலக்யான் என்ற ஆய்வாளர் சாமந்திச் செடியின் மேல்பாதி இலைகளை உருவிவிட்டார். கீழ்ப்பாதி இலைகளுக்குக் குறுகிய பகல், மொட்டையான நுனிக்கு நீண்ட பகல் என்று பிரித்துக் கொடுத்தார். நுனி பூத்தது. மாற்றிக் கொடுத்தால் பூக்கவில்லை. இருட்டை உணர்வது இலை, பூப்பது நுனி, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு சேதி போகிறது என்று 1937-ல் அறிவித்து, அதற்கு ஃப்ளோரிஜென் என்று பெயரும் வைத்தார். ஆனால் அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க யாராலும் முடியவில்லை. அது ஒரு புரதம் என்று நெல்லிலும் வேறொரு சின்னக் களைச்செடியிலும் உறுதியாகக் காட்டப்பட்டது 2007-ல். எழுபது வருஷம். சைலக்யானின் சோதனையில் நமக்கு உபயோகமான பாடம் ஒன்று உண்டு. நல்ல இலை இல்லாத செடிக்கு இருட்டுக் கொடுத்தும் பயனில்லை. அடியிலை கருகி உதிரவிட்டு, மேலே பூவை எதிர்பார்க்க முடியாது.

இதைக் கேட்டுவிட்டு, லண்டன் புத்தகத்தில் உள்ள கணக்கை அப்படியே திருச்சியில் போட்டால் கணக்கு உதைக்கும். லண்டனில் கோடைப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல், குளிர்காலத்தில் எட்டு மணிக்கும் குறைவு. நமக்கு ஆனி மாதத்து நீண்ட பகலே ஏறக்குறைய 12 மணி 45 நிமிஷம்தான், மார்கழிக் குறுகிய பகல் பதினொன்றரை மணி. வித்தியாசம் ஒன்றே கால் மணி நேரம். பல சாமந்தி ரகங்களுக்குப் பகல் சுமார் பதின்மூன்றரை மணிக்குக் கீழே வந்தாலே போதும், மொட்டு விடத் தயார். அப்படியானால் இங்கே அவற்றுக்கு வருஷம் முழுக்கக் குறுகிய பகல்தான். அதனால்தான் பங்குனியில் விரல் உயரக் கன்றுகூடச் சில சமயம் மொட்டு வைக்கும். அதைப் பார்த்து மகிழாதீர்கள், கிள்ளி எறியுங்கள். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் நடுராத்திரி விளக்கு எரிவதும் இதற்காகத்தான். கொய்மலருக்குத் தண்டு நீளம் வேண்டும். அதனால் முதல் சில வாரங்கள் இரவை விளக்கால் துண்டாக்கி, செடியை வெறுமனே வளரவைக்கிறார்கள். உயரம் வந்ததும் விளக்கை அணைத்துவிடுகிறார்கள்.

அப்படியிருந்தும் நம் சாமந்தி ஏன் மார்கழிக்குக் காத்திருக்கிறது? வெக்கைதான் காரணம். இரவிலும் சூடு இறங்காத நாட்களில் மொட்டு உண்டானாலும் வளராமல் நின்றுவிடும், பூத்தால் சிறுத்துப்போகும். இருட்டோடு குளிர்ந்த ராத்திரியும் சேர வேண்டும். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் வாக்கில் இருக்கிறது, நாம் நூறு மீட்டர்கூட இல்லை. ஆயுதபூஜைக்கு ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையில் வந்து குவியும் சாமந்தியைப் பார்த்துவிட்டு, என் செடி மட்டும் ஏன் பூக்கவில்லை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது மேட்டு நிலத்துப் பூ. உங்கள் வீட்டுப் பூ ஆயுதபூஜைக்கு வராது. அதற்காக அதை மருந்தடித்துத் துன்புறுத்த வேண்டாம், கார்த்திகைக்கு வரட்டும்.

தெருவிளக்குக்கு வருகிறேன். இப்போது எல்லாத் தெருவிலும் எல்.இ.டி. வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் கம்பத்துக்கு நேர் கீழே, மதில்மேல் வைத்த தொட்டிக்கு இரவே கிடையாது. விளக்கின் ஒளியில் உள்ள சிவப்புப் பகுதிதான் செடியை எழுப்பி வைக்கிறது. ஒரே மண், ஒரே நாள் நட்ட இரண்டு தொட்டிகளில் விளக்கடியில் இருப்பது இலையாகவே நிற்கும், வீட்டின் பின்பக்கம் இருப்பது பூத்துக் குலுங்கும். இதற்குச் செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. புரட்டாசி பிறந்ததும் தொட்டியைத் தூக்கிக் கொல்லைப்பக்கம் வையுங்கள். தூக்க முடியாத தொட்டி என்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, காலை ஆறரைக்கு எடுங்கள். மொட்டு கடலை அளவு வரும்வரை ஒருநாள் தவறாமல் செய்ய வேண்டும். நடுவில் இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போனால் பக்கத்து வீட்டுச் சாவியோடு இந்த வேலையையும் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

இப்போது மாசி. இந்த மாசத்து வேலையிலிருந்து தொடங்குகிறேன். பூத்து முடிந்த தண்டை அடியிலிருந்து நாலு விரல் விட்டு வெட்டுங்கள். தண்ணீரைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். பத்துப் பதினைந்து நாளில் பக்கக்கன்று விரல் நீளம் வந்ததும் தொட்டியைக் கவிழ்த்து, வேரோடு பிரித்து, வெளி ஓரத்துக் கன்றுகளாகப் பார்த்து எடுங்கள். நடுவில் இருக்கும் கட்டை கிழடு, அதைக் கழித்துவிடலாம். செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழுவுரம் கலந்து சின்னத் தொட்டியில் ஒவ்வொன்றாக நடுங்கள். சாமந்தி வேர் ஆழமாகப் போகாது, மேலேயே பரவும். அதனால் ஒரு நாள் காய்ந்தாலும் வாடும், ஒரு நாள் தண்ணீர் தேங்கினாலும் அழுகும். தொட்டித் துளையை ஓட்டுச்சில்லால் மூடும்போது தண்ணீர் போகிற வழி இருக்கிறதா என்று ஊற்றிப் பார்த்துவிட்டு மண் போடுங்கள்.

பங்குனியிலிருந்து ஆனி வரை நான்கு மாசம் இந்தச் செடிக்குச் சோதனைக் காலம். நமக்கும்தான். பூ இருக்காது, இலை மங்கும், தண்ணீர்ப் பஞ்சம் வேறு. வீட்டில் யாராவது, இந்தக் குச்சிக்கு ஏன் தினமும் தண்ணீர் என்று கேட்பார்கள். பல்லாண்டுச் செடி வளர்ப்பது என்றால் உண்மையில் இந்த நான்கு மாசம்தான், பூக்கிற காலத்தில் யார் வேண்டுமானாலும் வளர்ப்பார்கள். காலை வெயில் மட்டும் படுகிற கிழக்குப் பக்கம், வேப்பமர நிழல், அல்லது நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். உரம் எதுவும் போடாதீர்கள். உயிரோடு இருந்தால் போதும்.

ஆடிப் பதினெட்டு கழிந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். நுனியிலிருந்து இரண்டு மூன்று அங்குலத் துண்டு வெட்டி, அடியிலையை நீக்கி, ஈர மணலில் குத்திவைத்தாலும் மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். பக்கக்கன்றைவிட இப்படி வந்த செடி சீராக இருக்கும். தரையில் நட்டால் செடிக்குச் செடி ஓர் அடி இடம் விடுங்கள். ரகம் கேட்பவர்களுக்கு, மஞ்சளில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1, எம்.டி.யு. 1 இரண்டும் நம் சமவெளிக்கென்று வந்தவை. நர்சரியில் வாங்கிய குட்டைச் செடியைத் தொடர்ந்து வளர்ப்பவர்கள் ஒன்றை எதிர்பார்த்திருங்கள். அதற்குக் குட்டையாக நிற்க மருந்து கொடுத்திருப்பார்கள். இரண்டாம் வருஷம் மருந்து தெளிந்ததும் அது தன் சொந்த உயரத்துக்கு வளரும். செடி கெட்டுப்போய்விட்டது என்று பயப்படாமல் குச்சி நட்டுக் கட்டுங்கள்.

அடுத்தது நுனி கிள்ளுவது. சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், வீட்டுக்குப் போனால் யாருக்கும் மனசு வராது. நட்டு நான்கு வாரத்தில் செடி ஒரு சாண் உயரம் வந்திருக்கும். அதன் உச்சிக் குருத்தைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளுங்கள். இலைக்கணுவிலிருந்து மூன்று நான்கு கிளை புறப்படும். அவை விரல் நீளம் ஆனதும் இன்னொரு தடவை கிள்ளுங்கள். ஆவணி முடிவோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கிள்ளினால் கிள்ளுவது பூவை. சிலருக்கு மாலைப் பூ வேண்டாம், கையகலப் பூ ஒன்று போதும் என்பார்கள். அவர்கள் கிளைக்கு ஒரு மொட்டை மட்டும் நிறுத்தி, பக்கத்து மொட்டுகளை மிளகு அளவில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். எனக்கு அதில் ருசி இல்லை. கண்காட்சிக்கு அது சரி. வாசலில் நூறு சின்னப் பூ பூத்து நிற்கிற அழகு அந்த ஒற்றைப் பூவுக்கு வராது.

ஐப்பசி மழை நம் ஊரில் சரியாக மொட்டு விடுகிற நேரத்தில்தான் பிடிக்கும். தொட்டியை வராந்தாவுக்குள் நகர்த்துங்கள். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் மண்ணில் ஊற்றுங்கள், அடியிலை கறுப்புப் புள்ளி விழுந்து கருகுவது பாதி குறையும். மொட்டுக் காம்பில் கருமை நிறத்தில் அசுவினி அப்பும். எறும்பு ஏறி இறங்கினால் அசுவினி வந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் விரலால் வழித்து நசுக்குங்கள், அதற்கும் மேல் போனால் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும். உரமாகப் புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றி வந்தால், மொட்டு நிறம் காட்டியதும் அதை நிறுத்திவிடலாம்.

இரண்டு தப்பான நம்பிக்கைகளையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வாசலில் சாமந்தி வைத்தால் கொசு வராது என்கிறார்கள். பைரித்ரம் என்ற பூச்சிமருந்து தருவது சாமந்தியின் உறவுக்காரச் செடி, வெள்ளைப் பூ பூப்பது, நம் சாமந்தி இல்லை. நம் செடித் தொட்டியின் தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு தாராளமாக வரும். இன்னொன்று சாமந்தி டீ. சீனர்கள் குடிப்பது அதற்கென்றே வளர்த்த பூ. சந்தையில் வாங்கிய பூவில் எத்தனை மருந்து அடித்திருக்கிறதோ, அதைக் கொதிக்கவைத்துக் குடிக்காதீர்கள். அது சுவாமிக்கும் பஸ்ஸுக்கும் போடும் மாலையோடு நிற்கட்டும்.

வாசல் பக்கத்து மேசையில் பழைய செய்தித்தாளில் சுற்றி மஞ்சள் சாமந்திப் பக்கக்கன்று வைத்திருக்கிறது. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று வெயிலில் போனாலும் ஒன்று நிற்கும். இன்று சாயங்காலமே நட்டுவிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். வேர் ஏற்கெனவே காய ஆரம்பித்திருக்கும். தெருவிளக்குப் பற்றி முன்வரிசை அம்மா ஏதோ கேட்க நினைக்கிறார்கள், அதிலிருந்தே கேள்விகளைத் தொடங்கலாம்.